இன்டர்னீசைன்: கொலையில் பிறந்து பங்காளிச் சண்டையில் வந்து நின்ற ஒரு சொல் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

'இன்டர்னீசைன்' என்றால் என்ன பொருள்?

ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டு, கடைசியில் எல்லோரும் நாசமாகிற சண்டையைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரடை இது. ஒரு கட்சியின் இரண்டு கோஷ்டிகள் அடித்துக்கொண்டு, தேர்தலில் இரண்டு பேருமே மண்ணைக் கவ்வினால் அந்தச் சண்டை இன்டர்னீசைன். அண்ணனும் தம்பியும் பாகப் பிரிவினை வழக்கை வருஷக்கணக்கில் இழுத்து, பாதிச் சொத்து வக்கீல் ஃபீஸில் கரைந்துபோனால் அதுவும் அப்படியே.

ஆக, இன்றைய வழக்கில் இந்தச் சொல்லுக்குள் இரண்டு சேதிகள் இருக்கின்றன. சண்டை ஒரே வீட்டுக்குள் நடக்கிறது என்பது ஒன்று. அதனால் இரு தரப்புக்கும் அழிவு என்பது இன்னொன்று. வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டில் எதுவுமே அந்தச் சொல் பிறந்தபோது அதில் இல்லை.

எப்படி எழுதுவது, எப்படி உச்சரிப்பது?

ஐ, என், டி, இ, ஆர், என், இ, சி, ஐ, என், இ. நடுவில் வருவது 'நெ'. பலர் அதை 'நி' என்று நினைத்து ஐ போட்டுவிடுகிறார்கள். பிரிட்டிஷ்காரர்கள் 'இன்டர்னீசைன்' என்பார்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'இன்டர்னெசீன்', சிலர் 'இன்டர்னீசின்'. எல்லாமே அகராதிகள் ஏற்றுக்கொண்டவைதான். மேடையில் பேசும்போது தைரியமாக ஒன்றைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

முதலில் அதற்கு என்ன பொருள் இருந்தது?

படுகொலை. ஒருவரையும் மிச்சம் வைக்காத படுகொலை.

லத்தீனில் 'நெக்ஸ்' என்றால் கொடூரமான சாவு, கொலை. 'நெக்காரே' என்றால் கொல்லுதல். அதன் முன்னால் 'இன்டர்' சேர்ந்தால் 'இன்டர்நெக்காரே', அதாவது அடியோடு கொன்று தீர்த்தல். அதிலிருந்து வந்த பெயரடைகள்தான் 'இன்டர்னெக்கீவுஸ்', 'இன்டர்னெக்கீனுஸ்'. இரண்டாவது வடிவம்தான் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது.

யாரும் யாரோடும் 'பரஸ்பரம்' மோத வேண்டியதே இல்லை. ஒரு தரப்பு கொல்லும், மறு தரப்பு சாகும், அவ்வளவுதான். இன்று ஆங்கிலத்தில் 'எக்ஸ்டர்மினேஷன்' என்று சொல்வதற்கு நெருக்கமானது அது.

ரோமர்கள் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியதற்கு ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

லிவி என்ற வரலாற்றாசிரியர் தன் ஒன்பதாவது நூற்பகுதியில் அவுசோனியர் என்ற சிறு இனத்தின் முடிவைச் சொல்கிறார். நடந்தது கி.மு. 314. தென் இத்தாலியில் சாம்னியர்களோடு ரோம் நடத்திவந்த நீண்ட போரின் நடுவே, அவுசோனா, மின்டுர்னே, வெஸ்கியா ஆகிய மூன்று ஊர்களை அந்த ஊர் இளைஞர்கள் சிலரே ரோமர்களுக்குக் காட்டிக்கொடுத்தார்கள். வீரர்கள் சாதாரண உடைக்குள் வாளை மறைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். விடியற்காலையில் கதவுகள் திறந்தன. மூன்று ஊர்களும் ஒரே நேரத்தில் விழுந்தன. தளபதிகள் அந்த இடத்தில் இல்லாததால் வெட்டுக்கு ஒரு வரம்பே இல்லாமல் போயிற்று.

அவுசோனியர்கள் ரோமுக்குத் துரோகம் செய்தார்கள் என்ற குற்றச்சாட்டே சரியாக உறுதிப்படவில்லை. ஆனாலும் ஏதோ ஒரு 'இன்டர்னெக்கீவ' போரில் மோதியவர்களைப் போல அந்த இனமே துடைத்தெறியப்பட்டது என்கிறார் லிவி. 'ஒரு தரப்பு முழுதாக ஒழியும் வரை நிற்காத போர்' என்பதுதான் அவர் மனதில் இருக்கும் பொருள். காட்டிக்கொடுத்தவர்கள் உள்ளூர்க்காரர்கள் என்பதால் இங்கே இன்றைய பொருளைப் பொருத்திப் பார்க்கத் தோன்றும். ஆனால் லிவி அந்தச் சொல்லைப் போட்டது வேறு காரணத்துக்கு.

உள்நாட்டுச் சண்டைக்கு ரோமர்களிடம் வேறு சொல் இருந்ததா?

இருந்தது. 'பெல்லும் இன்டெஸ்டீனும்', அதாவது உட்போர். கி.மு. 63இல், ரோம ஆட்சியைக் கவிழ்க்கக் கட்டிலினா என்ற பிரபு செய்த சதியைப் பற்றிப் பேசும்போது, ரோமின் புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோ இதைத்தான் கையாள்கிறார். 'சிவீலெ' என்ற சொல்லும் இருந்தது; அதிலிருந்துதான் இன்றைய 'சிவில் வார்'. வீட்டுச் சண்டையைச் சொல்ல இத்தனை சொற்கள் கைவசம் இருந்தபோது, அந்த வேலையை 'இன்டர்னெக்கீனுஸ்' செய்யத் தேவையே இருக்கவில்லை.

'இன்டர்' என்றால் 'இடையே' என்றுதானே பொருள்?

ஆங்கிலத்தில் பெரும்பாலும் அப்படித்தான். இன்டர்நேஷனல், இன்டர்நெட், இன்டர்வியூ எல்லாம் அந்தக் கணக்கு. சினிமாக் கொட்டகையில் முறுக்கு வாங்க எழுந்துபோகிற இன்டர்வெல்கூட, லத்தீனில் இரண்டு அரண்களுக்கு இடைப்பட்ட வெளி என்ற பொருளில் தொடங்கியதுதான்.

ஆனால் லத்தீனில் சாவோடு சம்பந்தப்பட்ட சில வினைகளில் இந்த முன்னொட்டு 'முழுக்க', 'ஒழியும் வரை' என்று அழுத்தம் கொடுக்கும். 'இன்டர்ஃபிக்கேரே' என்றால் கொல்லுதல், 'இன்டர்இரே' என்றால் அழிந்துபோதல், 'இன்டர்இமேரே' என்றால் தீர்த்துக்கட்டுதல். இவற்றில் எதிலும் 'ஒருவரை ஒருவர்' என்ற பேச்சே கிடையாது. தமிழில் 'கொன்றான்' என்பதோடு நிறுத்தாமல் 'கொன்று தீர்த்தான்' என்று சொல்லும்போது அந்தத் 'தீர்த்தான்' என்ன செய்கிறதோ, அதைத்தான் அந்த 'இன்டர்' செய்தது.

ஆங்கிலத்துக்கு எப்படி வந்தது?

1663இல் சாமுவேல் பட்லர் என்ற கவிஞர் 'ஹூடிப்ராஸ்' என்ற நையாண்டிக் காவியத்தின் முதல் பாகத்தை வெளியிட்டார். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் ஓய்ந்து, மன்னராட்சி திரும்பியிருந்த காலம். மதக் கொள்கைக்காக ஒருவர் கழுத்தை ஒருவர் அறுத்துக்கொண்ட பியூரிட்டன்கள் என்ற தீவிரப் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களைக் கிண்டல் செய்வதுதான் காவியத்தின் வேலை. கரடிச் சண்டை விளையாட்டை நிறுத்துவதற்குக் குதிரையேறிப் புறப்படுகிற ஒரு கோமாளி வீரன்தான் நாயகன்.

அதில் ஓரிடத்தில், எகிப்தியர் நாயைக் கும்பிட்டார்கள், அந்த நம்பிக்கைக்காக 'இன்டர்னீசைன் வார்' நடத்தினார்கள் என்று வருகிறது. சில பதிப்புகளில் இந்தச் சொல்லுக்குப் பதிலாக 'மூர்க்கமும் வெறியும் கொண்ட போர்' என்ற பொருளில் வேறு சொற்கள் இருக்கும். ஆங்கிலத்தில் இந்தப் பெயரடைக்குக் காட்டப்படும் பழைய சான்று பட்லரின் இந்த வரிதான். பட்லர் லத்தீன் படித்தவர். லத்தீன் பொருளோடுதான், 'கொன்று குவிக்கிற போர்' என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.

வழியில் ஒரு சேதி. அதற்குச் சில வரிகள் தள்ளி, யானைக்காகவும் குரங்குப் பல்லுக்காகவும் இந்தியர்கள் சண்டை போட்டார்கள் என்றும் பட்லர் எழுதுகிறார். அந்தப் பல்லைப் போர்த்துக்கீசியர் பிடித்துக்கொண்டு போனார்கள், மீட்கப் பெரும் பணம் தருவதாகச் சொல்லியும் பாதிரிமார் பேச்சைக் கேட்டு எரித்துவிட்டார்கள் என்கிறது காவியத்தின் பழைய உரைக்குறிப்பு. 1560இல் யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்த போர்த்துக்கீசியர், புத்தரின் புனிதப் பல் என்று சொல்லப்பட்ட ஒன்றைக் கைப்பற்றி, பர்மாவின் பெகு மன்னர் தர முன்வந்த பணத்தையும் மறுத்து, கோவாவில் வைத்து அழித்த கதையோடு இது அச்சாகப் பொருந்துகிறது. ஆக, இந்தச் சொல்லின் முதல் ஆங்கில மேடைக்குப் பக்கத்திலேயே, யாழ்ப்பாண அரசின் தலைநகரான நல்லூரும் நின்றிருக்கிறது.

பொருள் எப்போது மாறியது? ஜான்சன் தப்பு செய்துவிட்டார் என்கிறார்களே?

1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதியில்தான் திருப்பம். அவர் இந்தச் சொல்லுக்கு எழுதிய விளக்கம், 'பரஸ்பர அழிவுக்கு முயல்கிற' என்பது. மேற்கோளாகக் காட்டியது பட்லரின் அந்த நாய்க் கடவுள் வரிகள். அதற்குப் பிறகு வந்த எழுத்தாளர்கள் அகராதியைப் பார்த்து எழுதினார்கள், அகராதிக்காரர்கள் அந்த எழுத்தாளர்களைப் பார்த்து எழுதினார்கள். பரஸ்பர அழிவு நிலைத்துவிட்டது.

'இன்டர்' என்பதை 'இடையே' என்று ஜான்சன் தப்பாகப் புரிந்துகொண்டார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். ஜான்சன் சறுக்கக்கூடியவர்தான், அதில் சந்தேகமில்லை. 'லீவர்ட்', 'விண்ட்வர்ட்' என்று நேரெதிரான இரண்டு கப்பற்சொற்களுக்கும் 'காற்றை நோக்கி' என்றே பொருள் எழுதிவைத்தார். 'பாஸ்டர்ன்' என்பது குதிரையின் குளம்புக்கு மேலே இருக்கும் பகுதி. அவர் 'குதிரையின் முழங்கால்' என்று எழுதினார். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று ஒரு பெண்மணி கேட்டபோது, 'அறியாமை அம்மா, சுத்த அறியாமை' என்று அவர் பதில் சொன்னதாக, அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பாஸ்வெல் எழுதிவைத்திருக்கிறார்.

ஆனால் இந்தச் சொல்லின் விஷயத்தில் அவரை அவ்வளவு சுலபமாகக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. குதிரை அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். லத்தீன் தெரியாது என்று சொல்ல முடியாது. லத்தீனிலேயே கவிதை எழுதியவர் அவர். அவருடைய முறையைப் பாருங்கள். பெரிய எழுத்தாளர்களின் வரிகளை அடிக்கோடிட்டு, ஆறு உதவியாளர்களைக் கொண்டு எடுத்து எழுதவைத்து, அந்த வரியில் சொல் என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் பொருள் எழுதினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் இப்படிச் சேர்ந்தன. இந்தச் சொல்லுக்கு அவர் காட்டியது ஒரே ஒரு மேற்கோள். அதுவும் ஒரே நாட்டுக்காரர்கள் சாமிக்காக மோதிக்கொண்ட கதை, அதுவும் உள்நாட்டுப் போரைக் கிண்டலடிக்கும் காவியத்தில். அந்த வரியை மட்டும் வைத்துக்கொண்டு யார் பொருள் எழுதினாலும் 'ஒருவரை ஒருவர் அழிக்கிற' என்றுதான் எழுதுவார்கள். காதில் விழுந்த 'இன்டர்' அதற்கு ஒத்து ஊதியிருக்கும், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் கோளாறு முன்னொட்டில் இல்லை, சான்று ஒன்றே ஒன்றாக இருந்ததில்தான். பட்லர் அந்தச் சொல்லை ரோமர்களின் படையெடுப்பு ஒன்றைப் பற்றிய வரியில் போட்டிருந்தால் இன்று அது 'இனத்தையே ஒழிக்கிற' என்ற பொருளோடு இருந்திருக்கும்.

'உள்ளுக்குள் நடக்கும் சண்டை' என்ற பொருள் எங்கிருந்து ஒட்டிக்கொண்டது?

பரஸ்பர அழிவு என்று ஆன பிறகு அது இயல்பாக வந்த அடுத்த படி. இரண்டு தரப்பும் சேர்ந்து அழிகிற சண்டை என்றதும் நினைவுக்கு வருவது சகோதரச் சண்டைதானே? 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-65) பற்றி எழுதியவர்கள் இந்தச் சொல்லைக் கையாண்டார்கள். அங்கே கொலையும் உண்டு, பரஸ்பரமும் உண்டு, ஒரே நாடும் உண்டு. மூன்று பொருளில் எதை எடுத்துக்கொண்டாலும் பொருந்தும். இப்படிப்பட்ட இடங்களில்தான் பொருள் சத்தமில்லாமல் நழுவும். 20ஆம் நூற்றாண்டில் 'ஒரே குழுவுக்குள்' என்பதே முன்னுக்கு வந்துவிட்டது. ரத்தம் ஒரு சொட்டுகூடச் சிந்தாத அலுவலக அரசியலுக்கும் இந்தச் சொல் வர ஆரம்பித்தது.

இன்னொன்றும் நடந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஆங்கிலத்தில் 'இன்டெஸ்டைன்' என்பது ஒரு காலத்தில் 'உள்ளிருக்கும்' என்ற பொருளில் நல்ல பெயரடை. ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி முதல் பாகத்தில், நாடகம் தொடங்கியதுமே மன்னர் உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் வரும். பிற்காலத்தில் இன்டெஸ்டைன் என்றால் குடல் என்று மட்டுமே எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. 'குடல் போர்' என்று யார் எழுதுவார்கள்? காலியான அந்த நாற்காலியில், ஒலியிலும் அதைப் போலவே இருந்த இன்டர்னீசைன் வந்து உட்கார்ந்துகொண்டது போலும்.

இதே வேரிலிருந்து வந்த மற்ற ஆங்கிலச் சொற்கள்?

நிறைய. 'பெர்னீஷியஸ்' (மெல்லக் கெடுத்து அழிக்கிற) நெக்ஸிலிருந்து நேரே வந்தது. பெர்னீஷியஸ் அனீமியா என்ற ரத்தசோகைக்கு அந்தப் பெயர் வந்தது, ஒரு காலத்தில் அது வந்தால் சாவு நிச்சயம் என்பதால். 1926இல் மைனாட், மர்ஃபி என்ற அமெரிக்க மருத்துவர்கள் ஈரலைச் சாப்பிடக் கொடுத்தே நோயாளிகளைத் தேற்றிக் காட்டினார்கள். 1948இல் பி12 வைட்டமின் பிரித்தெடுக்கப்பட்டது. இன்று அதற்கு ஊசி இருக்கிறது. பெயர் மட்டும் இன்னும் 'கொல்லும் சோகை' என்றே நிற்கிறது.

தீங்கு செய்தல் என்று பொருள்படும் 'நொக்கேரே' அதே குடும்பம். அதிலிருந்து 'நாக்ஷியஸ்' (நச்சுத்தன்மையுள்ள), 'இன்னசென்ட்' (தீங்கு செய்யாத), பிரெஞ்சு வழியாக 'நியூசென்ஸ்'. நம் ஊர் போலீஸ்காரர் 'நியூசென்ஸ் கேஸ் போடுவேன்' என்கிறாரே, அதே சொல். முன்பு அதற்குப் பொருள் வெறும் தொல்லை இல்லை, காயமும் சேதமும்தான். கிரேக்கத்தில் பிணத்தைக் குறிக்கும் 'நெக்ரோஸ்' பெரியப்பா மகன் மாதிரி. மருத்துவத்தில் திசு செத்துப்போவதை 'நெக்ரோசிஸ்' என்பது அதனால்தான். தேவர்கள் குடிக்கும் 'நெக்டார்'கூட 'சாவைத் தாண்டுவது' என்ற பொருளில் இந்த வேரிலிருந்து வந்ததாகப் பலர் சொல்கிறார்கள்.

தமிழில் இருக்கும் 'நாசம்' என்ற சொல்லுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? ஒலி அப்படித் தெரிகிறதே?

உண்டு. நாசம் சமஸ்கிருதத்திலிருந்து தமிழுக்கு வந்த சொல். அதன் வேரான 'நஶ்' (அழிந்துபோ) என்பதும் லத்தீனின் நெக்ஸும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளைகள் என்பது மொழியியலாளர்கள் பொதுவாக ஏற்பது. அந்த வேருக்குச் சாதல், அழிதல் என்று பொருள்.

நாசம், விநாசம், நாசவேலை, கடற்படையின் நாசகாரிக் கப்பல் எல்லாம் அந்த வகை. நஷ்டமும் அதே வேர்தான், 'அழிந்துபோனது' என்று பொருள். விபத்து வழக்கில் நஷ்டஈடு கேட்டு மனுப் போடும்போது நாம் இன்டர்னீசைனின் ஒன்றுவிட்ட சொந்தக்காரரைத்தான் கூப்பிடுகிறோம்.

ஆனால் ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக எல்லாவற்றையும் இதில் சேர்த்துவிடக் கூடாது. மூக்கைக் குறிக்கும் நாசி வேறு, ஹிட்லரின் நாஜி வேறு, விநாயகர் முற்றிலும் வேறு. சென்னைக்காரர்கள் காலையில் சாப்பிடும் நாஷ்டா பாரசீகச் சொல். பர்ஸைத் தவிர வேறெதற்கும் அதனால் நஷ்டமில்லை.

தமிழில் எப்படி மொழிபெயர்ப்பது?

இடத்தைப் பொறுத்தது. கட்சி என்றால் 'உட்கட்சிப் பூசல்', 'கோஷ்டிப் பூசல்'. நாளிதழ்களில் இவைதான் புழக்கத்தில் இருக்கின்றன, வாசகருக்கு உடனே புரியும். குடும்பம், குலம் என்றால் 'பங்காளிச் சண்டை'யை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரே மக்களுக்குள் ஆயுதம் ஏந்திய குழுக்கள் மோதினால் ஈழத் தமிழில் 'சகோதர யுத்தம்' என்ற வழக்கு இருக்கிறது. பொதுவாக ஒரு சொல் வேண்டுமென்றால் 'உட்பகை'. திருக்குறளின் 89ஆவது அதிகாரத்துக்கு அதுதான் தலைப்பு.

இவற்றில் எல்லாம் 'உள்ளே' என்ற பாதி வந்துவிடுகிறது, 'இரண்டு பேரும் அழிவார்கள்' என்ற பாதி வருவதில்லை. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'இரு தரப்பையும் அழிக்கும் உட்பூசல்' என்று விரித்து எழுதிவிடுவதே நல்லது. 'பரஸ்பர நாசகர' என்று சில அகராதிகளின் பாணியில் எழுதினால் படிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார்.

இந்தச் சொல்லின் இன்றைய பொருளை முழுதாகச் சொல்லும் தமிழ் வரி ஒன்று வேண்டுமானால் புறநானூற்றின் 45ஆம் பாட்டுக்குப் போக வேண்டும். உறையூரை முற்றுகையிட்டு நிற்கிறான் நலங்கிள்ளி, உள்ளே அடைபட்டுக் கிடக்கிறான் நெடுங்கிள்ளி. இரண்டு பேரும் சோழர்கள், இரண்டு பேர் கண்ணியும் ஆத்திப் பூ. எதிரே நிற்பவன் பனம்பூச் சூடிய சேரனும் இல்லை, வேப்பம்பூச் சூடிய பாண்டியனும் இல்லை என்று தொடங்கி, 'ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே' என்கிறார் கோவூர் கிழார். உங்களில் யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான்.

மூலப் பொருள்தான் சரியானது என்று சொல்லி இன்று பழைய பொருளில் எழுதலாமா?

எழுதலாம், யாருக்கும் புரியாது. ஒரு வல்லரசு சின்ன நாடு ஒன்றின் மீது குண்டு போட்டு ஊரையே அழித்ததை 'இன்டர்னீசைன்' என்று எழுதினால், லத்தீன் கணக்கில் சரி. ஆனால் படிப்பவர், செத்தவர்களும் சண்டைக்கு வந்தார்கள் என்று எடுத்துக்கொள்வார். அது பாதிக்கப்பட்டவர்களுக்குச் செய்யும் அநியாயம். அந்த இடத்துக்கு இப்போது வேறு சொல் இருக்கிறது. 1944இல் ரஃபேல் லெம்கின் கிரேக்க, லத்தீன் துண்டுகளை ஒட்டி உருவாக்கிய 'ஜெனோசைட்', தமிழில் இனப்படுகொலை.

வேறு எங்கே போடக் கூடாது?

இரண்டு போட்டிக் கம்பெனிகள் விலையைக் குறைத்து மோதுவதற்கு இது பொருந்தாது. அவர்கள் ஒரே வீட்டார் இல்லை. ஒரே கம்பெனியின் சேல்ஸ் துறையும் கணக்குத் துறையும் மோதிக்கொண்டு கம்பெனியைக் கவிழ்த்தால் பொருந்தும். இரண்டு அயல்நாடுகளின் எல்லைத் தகராறுக்கும் போடாமல் இருப்பது நல்லது. ஒரு கூட்டத்தில் நடந்த சாதாரணக் கருத்து வேறுபாட்டுக்கு இதைப் போட்டால், ஃபேன் ரெகுலேட்டர் சண்டையைக் குருக்ஷேத்திரம் என்று சொன்ன மாதிரி இருக்கும்.

போட்டித் தேர்வில் கேட்டால் எந்தப் பதிலைக் குறிப்பது?

'மியூச்சுவலி டிஸ்ட்ரக்டிவ்' என்று ஒரு விடை இருந்தால் அதைத்தான். அது இல்லாமல் ஒரு குழுவின் உள்மோதலைக் குறிக்கும் விடை இருந்தால் அது. 'டெட்லி' என்று ஒன்றும் சேர்ந்து இருந்தால் குழப்பம் வரும். அதுவும் அகராதியில் இருக்கும் பொருள்தான், ஆனால் கேள்வி தயாரிப்பவர் மனதில் இருப்பது பெரும்பாலும் ஜான்சன் சொன்னது. எதிர்ச்சொல் கேட்டால் சமாதானம், ஒத்துழைப்பு என்ற திசையில் உள்ளதைத் தேடுங்கள். கேள்வியில் 'ஃப்யூட்', 'ஸ்ட்ரைஃப்', 'வார்ஃபேர்' என்று ஒரு சொல்லுக்கு முன்னால் கோடிட்ட இடம் விட்டு, வாக்கியத்தில் ஒரு கட்சியின் பெயரோ அரச குடும்பமோ இருந்தால், பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு உரியது இந்தச் சொல்தான்.